நம்பாதே நைனாவும் கரண்ட் இல்லாத வீட்டு ஃபேனும்

கடவுளே நேரில் வந்து "பக்தா, என்ன வரம் வேண்டும்?" என்று கேட்டாலும், "அது இருக்கட்டும், நீ கடவுள்னு யாரு சொன்னா? பாஸ் கீதா?" என்று திருப்பிக் கேட்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் ஆவடியில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், எங்கள் தெருவில் குடியிருந்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களில் யாருக்கும் அது தெரியாது. கேட்டால், "எதுக்குக் கேக்கறே?" என்பார். அவர் வாயிலிருந்து மூச்சுக்கு ஒரு தரம் வந்த வார்த்தை 'நம்பாதே'. அதனால் நாங்களே பெயர் வைத்துவிட்டோம், நம்பாதே நைனா. முகத்துக்கு நேரே நைனா. முதுகுக்குப் பின்னால் முழுப்பெயர்.

என் பிள்ளைகள் போன வாரம், "வசந்தா அத்தை மட்டும் எப்படிப்பா காலேஜ் போனாங்க? நீங்க ஏன் போகலை?" என்று கேட்டார்கள். நான் எட்டாவதோடு லேத் பட்டறைக்குப் போனவன். அது சின்னக் கதை. அத்தை காலேஜ் போனது பெரிய கதை. அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். நைனாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் ஊர்ப் பெரிய தொழிற்சாலையில் நைனா தர்வானாக இருந்தார். தர்வான் என்றால் கேட்டில் நிற்கிற காவல்காரர். உள்ளே போகிறவர்களிடம் பாஸ் கேட்க வேண்டும். வெளியே வருகிறவர்களின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு நட்டோ, ஒரு துண்டு செம்புக் கம்பியோ சோற்றோடு சோறாக வெளியே போய்விடக் கூடாதல்லவா?

மற்ற தர்வான்கள் டப்பாவை ஒரு தட்டு தட்டிப் பார்த்து விட்டுவிடுவார்கள். நைனா விடமாட்டார். சட்டைப் பையில் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி வைத்திருப்பார். மிச்சம் வைத்த தயிர் சாதத்தை அதனால் குத்துவார். எலுமிச்சங்காய் ஊறுகாயைக் குத்துவார். "உள்ள இன்னா, கொட்டையா?" என்று கேட்டு, கொட்டைதான் என்று நிரூபிக்கச் சொல்வார். ஒருமுறை பெரிய ஆபீசர் ஒருவர் ஆயுத பூஜை முடிந்து பொரிப் பொட்டலத்தோடு காரில் வந்தார். காரை நிறுத்திப் பொரியைக் கிளறினார் நைனா. ஆபீசர் பெருந்தன்மையாகச் சிரித்தார். அவ்வளவுதான், பொரி முழுவதையும் தாளில் கொட்டச் சொல்லிவிட்டார்.

"ஏன் நைனா, அவரு எவ்ளோ பெரிய ஆளு!" என்று நாங்கள் கேட்டோம்.

"சிரிச்சாரே! திருடன்தான்டா சிரிப்பான். டப்பாவத் தொறன்னு சொன்னா நல்லவனுக்குக் கோவம் வரும். இத்த எழுதி வெச்சிக்கோ."

இது அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியின் முடிவு. இதனால் தொழிற்சாலையில் யாரும் அந்தக் கேட்டில் சிரிப்பதில்லை. புதுக் கல்யாண மாப்பிள்ளைகூட முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் வெளியே வருவான். அவர் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. ஷிப்ட் முடிந்ததும் தன்னுடைய டப்பாவைத் தானே திறந்து, தானே குத்திப் பார்த்து, "சரி, போ" என்று தனக்கே உத்தரவு கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பார்.

தெருவிலும் இதே கதைதான். கத்திரிக்காய்க்காரி கூடையை இறக்கினால், "மேல கீறது நல்லா கீது. அடியில இன்னா கீது?" என்று கூடையைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் தாலி கட்டுகிற நேரத்தில் பக்கத்திலிருப்பவரிடம், "இவருதான் மாப்பிளன்னு யாரு சொன்னது?" என்று கேட்டு வைப்பார். பெண் வீட்டார் மாப்பிள்ளையை இன்னொரு தரம் உற்றுப் பார்ப்பார்கள். பத்திரிகை வைக்காமலும் இருக்க முடியாது. வைக்காவிட்டால், "ஏன் வெக்கல? இன்னாத்த மறைக்கிறே?" என்று வாசலில் வந்து நிற்பார்.

இப்படிப்பட்டவர் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிற வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார் என்றால் நம்புவீர்களா? நாங்களே நம்பவில்லை.

அப்போதெல்லாம் பதினோராவது வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. அதற்கு மேல் பி.யூ.சி. படிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும். சர்க்கார் உதவிப் பணம் உண்டு என்று பேப்பரில் போடுவார்கள். ஆனால் எங்கள் தெருவில் யாரும் பேப்பர் வாங்குவதில்லை. வடை மடித்து வந்த தாளில் பார்த்தால்தான் உண்டு. அது கைக்கு வருவதற்குள் கடைசித் தேதி போயிருக்கும்.

முதலில் மாட்டியவன் பக்கத்து வீட்டு ஏழுமலை. அவன் விண்ணப்பத்தைத் தபால் பெட்டியில் போடப் போனபோது, நைனா கூடவே போனார். உறை உள்ளே விழுந்தது. ஏழுமலை வீட்டுக்குத் திரும்பினான். நைனா திரும்பவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். தபால்காரர் வந்து பெட்டியைத் திறக்கும்வரை நின்றார்.

"எங்க எடுத்துகினு போறே?"

"போஸ்ட் ஆபீஸுக்கு நைனா. வேற எங்க போவேன்?"

"நட. நானும் அந்தப் பக்கம்தான்."

தபால் ஆபீஸிலிருந்து பை ஸ்டேஷனுக்குப் போனது. நைனாவும் போனார். பை ரயில் ஏறியது. நைனாவும் அடுத்த பெட்டியில் ஏறினார். அம்பத்தூரில் இறங்கிப் பார்த்தார், வில்லிவாக்கத்தில் இறங்கிப் பார்த்தார், பையை எங்கேயாவது தள்ளிவிடுகிறார்களா என்று. மறுநாள் காலை பட்டணத்தில் அந்த ஆபீஸ் வாசலில் நின்று, தபால்காரர் கடிதக் கட்டை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊர் திரும்பினார்.

"அவ்ளோ தூரம் போனியே நைனா, நீயே கையில எடுத்துகினு போய்க் குடுத்திருக்கலாமே?" என்று எங்கள் ஊர்த் தபால்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கையில குடுத்தா வாங்கவே இல்லன்னு சாதிச்சிடுவான். தபால்ல போனா முத்திரை கீது. முத்திரை பொய் சொல்லாது. ஆனா..." கொஞ்சம் யோசித்தார். "உள்ள போச்சி, சரி. பிரிச்சானான்னு தெரியலியே!"

பிரித்திருந்தார்கள். ஏழுமலைக்கு ஸ்காலர்ஷிப் வந்தது. அன்றிலிருந்து பரீட்சை முடிவு வந்தால் போதும், நைனா வீட்டு வாசலில் பிள்ளைகள் வரிசை நிற்கும். கேட்டில் நிற்கிற மாதிரியே நிற்க வேண்டும். ஒவ்வொருவராக உள்ளே விடுவார்.

"இந்தப் போட்டோல கீறது நீயா?"

"ஆமா நைனா."

"வகிடு இடது பக்கம் கீதே! நீ வலது பக்கம்ல எடுக்கறே? பணம் வர்ற வரிக்கும் இடது பக்கம் வாரு. எவனாவது பாத்துட்டு ஆளு வேறன்னுடுவான்."

"எங்கப்பா சம்பளத்தை எழுதிட்டேன் நைனா."

"உங்கப்பன் சம்பளம் உனக்குத் தெரியாது. உங்கம்மாவுக்கும் தெரியாது. தெருவுல சீட்டு புடிக்கிறாளே ஒருத்தி, அவளுக்குத்தான் தெரியும். போய்க் கேட்டுகினு வா."

இதற்கெல்லாம் அவர் கூலி வாங்கவில்லை. ஒரு வாய் காபிகூடக் குடிப்பதில்லை. "காபி குடுத்து இன்னா எழுதச் சொல்லப் போறே?" என்பார். இதுதான் எங்கள் தெருவுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. ஊரையே சந்தேகப்பட்ட மனிதரை ஊர் திருப்பிச் சந்தேகப்பட ஆரம்பித்தது.

"எலக்சன்ல நிக்கப் போறான் மாமே, அதான்," என்றார் டீக்கடைக்காரர்.

"சி.ஐ.டி.யா இருக்கும். எந்த ஊட்ல எவ்ளோ வருமானம்னு கணக்கு எடுக்கறான்," என்றார் டெய்லர்.

என் அம்மாதான் எல்லோருக்கும் மேலே போனாள். "கூலி கேக்காதவன் கடசில பெருசா இன்னாமோ கேக்கப் போறான். நீங்க வேணா பாருங்க."

இந்த நிலைமையில்தான் என் தங்கை வசந்தா எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்து தொலைத்தாள். 'தொலைத்தாள்' என்பது அம்மாவின் வார்த்தை. எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்தப் பரீட்சையை எழுதியதுகூட இல்லை. வசந்தா காலேஜ் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு காலேஜி? கரையான்சாவடில என் தம்பி மளிகைக் கடைய வெச்சிகினு இவளுக்காகத்தான் காத்துகினு கீறான்," என்றாள் அம்மா.

அப்பா அதிகம் பேசாதவர். முன்பு அடுத்தவர் நிலத்தில் வரப்போரம் அண்டை வெட்டியவர். இப்போது தொழிற்சாலை கேன்டீனில் மூட்டை தூக்கினார். அவர் ஒரே தீர்ப்பாகச் சொல்லிவிட்டார். "சர்க்கார் பணம் குடுத்தா படிக்கட்டும். குடுக்கலைன்னா ஆவணி மாசம் கல்யாணம். அதுக்கு மேல என்னால ஆவாது."

ஆக, வசந்தாவுக்குக் காலேஜா கரையான்சாவடியா என்பது ஒரு விண்ணப்பத்தில் தொங்கியது. அவள் நேரே நைனா வீட்டு வாசலில் போய் நின்றாள். துணைக்கு நான்.

நைனா மார்க் ஷீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மோந்துகூடப் பார்த்தார்.

"கணக்குல இவ்ளோ மார்க்கா? பக்கத்துல யாரு குந்திகினு இருந்தா?"

வசந்தாவின் மூக்கு சிவந்துவிட்டது. "யாரைப் பாத்து எழுதணும்னு சொல்றீங்க? பக்கத்துல சுவருதான் இருந்துச்சி! நான் ஒண்ணும் உங்க கேட்ல டப்பா தூக்கிகினு வரல. குடுங்க என் பேப்பர. எனக்கு உங்க உதவியே வேணாம்!"

பிடுங்கிக்கொண்டு திரும்பியவளைப் பார்த்து, நைனாவின் முகம் பௌர்ணமியாக மலர்ந்தது.

"இன்னாமா கோவம் வருது பாரு! மார்க்கு இவளுதுதான்டா. வா பாப்பா, குந்து."

அதற்குப் பிறகு அவர் அலைந்த அலைச்சலைச் சொல்லி முடியாது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. பாக்கி ஒன்றே ஒன்று, வருமானச் சான்றிதழ். குடும்பம் ஏழைக் குடும்பம்தானா என்று தாலுகா ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து பார்த்து எழுதுவார். அவர் 'ஏழை' என்று எழுதினால் ஸ்காலர்ஷிப். 'வசதி' என்று எழுதினால் ஆவணி மாசம் கல்யாணம்.

அவர் வருகிற நாளை நைனா எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் அப்போது அம்மா மட்டும்தான் இருந்தாள். நைனா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கிசுகிசுத்தார்.

"நாளைக்கி மத்தியானம் ஆபீசர் ஒருத்தரு வசந்தா விசயமா ஊட்டப் பாக்க வராரு."

"எதுக்கு?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. செவுத்துக்குக் காது கீது. யாருகிட்டயும் வாயத் தொறக்காதே."

அவருடைய சந்தேகம் அவரையே கவிழ்த்தது இங்கேதான். காரணத்தைச் சொல்லாமல் போய்விட்டார். அம்மா என்ன செய்வாள், பாவம்? எங்கள் பக்கத்தில் பெண்ணின் விஷயமாக ஒருவர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்றால் தெருவே கூடிச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. யாரிடம் எது நல்லதாக இருக்கிறதோ அதை அன்றைக்கு மட்டும் அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் தெருவின் பாதிக் கல்யாணங்கள் டெய்லரின் நாற்காலியைப் பார்த்து நிச்சயமானவை. தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வரும்போது வேண்டுமே என்று, 'இல்லை' என்று யாரும் சொல்வதில்லை.

மறுநாள் மத்தியானம், பட்டறையில் காலை ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தேன். நுழைந்த வேகத்தில் வெளியே வந்துவிட்டேன். அடுத்தவர் வீட்டுக்குள் போய்விட்டோம் என்று நினைத்தேன்.

கூடத்தில் டெய்லரின் கை வைத்த நாற்காலிகள். சுவரில் டீக்கடைக்காரரின் பெரிய கடிகாரம். மாடத்தில் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர்; அது பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த எங்கள் தெருப் பெரியவருடையது, நாங்கள் அவரைப் பட்டாளத்தார் என்போம். இதெல்லாம் போதாதென்று, நட்ட நடுவில் முக்காலி மேல் கான்ட்ராக்டர் வீட்டம்மாவின் டேபிள் ஃபேன் உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டில் கரண்ட்டே கிடையாது. சிம்னி விளக்குதான். ஃபேனின் ஒயரை அம்மா அழகாகச் சுருட்டி ஒரு பூவேலைத் துணியால் மூடியிருந்தாள்.

"எம்மா! இன்னாம்மா இது?"

"ஆபீசர் வராராம் நம்ம வசந்தாவுக்கு. ஆபீசர் மாப்பிள, கேட்டியா? என் தம்பி கடையில மொளகா நிறுக்கட்டும். இந்த ஆளு நைனாவ இன்னாமோ நெனச்சேன்."

"அம்மா, அவரு பொண்ணு பாக்க வரல. நாம ஏழையான்னு பாக்க வராரு!"

அம்மா புரிந்துகொள்வதற்குள் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஒல்லியாக, குடையும் தோல் பையுமாக ரெவின்யூ இன்ஸ்பெக்டர் உள்ளே வந்துவிட்டார். நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். பையிலிருந்து தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"நாற்காலி இருக்கு... சுவர்க் கடிகாரம்... ரேடியோவா அது? சரி, ரேடியோ... மின்விசிறி." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நல்லா காத்து வருமா?"

"வருங்க," என்றேன். உண்மைதான். ஜன்னல் வழியாக வந்தது.

ஸ்காலர்ஷிப் சம்பந்தமாக ஹெட்மிஸ்ட்ரஸிடம் கையெழுத்து வாங்கப் போயிருந்த வசந்தா அந்த நேரத்தில்தான் உள்ளே நுழைந்தாள். எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். கையில் இருந்த தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஜன்னலில் ஒரு காக்கித் தொப்பி தெரிந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு வந்த நைனா. அவர் கண்கள் நாற்காலியில் நின்றன, கடிகாரத்தில் நின்றன, ஃபேனில் நின்றபோது பிதுங்கின. பிறகு தொப்பி மறைந்துவிட்டது.

ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் போட்ட கணக்கு வேறு. 'இதெல்லாம் இரவல் சாமான்' என்று அவர் உள்ளே வந்து சொன்னால் ஆபீசர் நம்புவாரா? சொத்தை மறைக்க ஆள் பிடித்திருக்கிறார்கள் என்றல்லவா எழுதுவார்? சந்தேகப்படுகிறவர் மனசு இன்னொரு சந்தேகப்பிராணிக்குத்தான் தெரியும். அவர் நேரே டெய்லர் கடைக்கு ஓடியிருக்கிறார்.

"உன் நாற்காலில ஒரு ஆபீசரு குந்தி எழுதிகினே கீறாரு. எல்லாத்தையும் எழுதறாரு. எழுதுனா அப்புறம் இன்னா பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் சொல்லல. நம்பாதே. அவ்ளோதான்."

இதையே டீக்கடையில் சொன்னார். பட்டாளத்தாரிடம் சொன்னார். கான்ட்ராக்டர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னார். ஜப்தி என்று அவர் சொல்லவில்லை; கேட்டவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் டெய்லர் வந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு. "சார், தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் எழுந்திருக்கறீங்களா?"

"ஏன்?"

"நாற்காலி என்னுது சார். கஸ்டமர் நிக்கறாங்க."

ஆபீசர் எழுந்தார். டெய்லர் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார். அந்த இடத்தில் பட்டாளத்தார் வந்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "டிரான்சிஸ்டருக்கு என் பேர்லதான் லைசன்ஸ் இருக்கு. இந்தா பாருங்க." அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருக்கவும் லைசன்ஸ் வேண்டும். அதைக் காட்டிவிட்டு டிரான்சிஸ்டரைக் கைக்குழந்தையாக அணைத்துக்கொண்டு போனார்.

டீக்கடைக்காரர் ஒருவரையும் பார்க்கவில்லை. எம்பிக் கடிகாரத்தைக் கழற்றினார். "டைம் தெரியாம கடைல பால் பொங்கிடுச்சி," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆபீசரின் கண் சுருங்கியது. "என்னய்யா இது? சொல்லி வெச்ச மாதிரி வரிசையா வராங்க? நாடகமா?"

நைனா பயந்ததே நடந்தது. அவர் எழுதியதை அடிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டார். அம்மா காபியை நீட்டினாள். அவர் குடிக்கிற நேரத்தில் கான்ட்ராக்டர் வீட்டம்மா வந்து நின்றாள். நின்று, ஃபேனைப் பார்த்தாள். ஆபீசரின் கையைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை. ஆபீசர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க. நீங்க மெதுவா குடிங்க. டம்ளரு எங்களுது."

ஆபீசர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார். "ஃபேன்?"

"அதுவும்தான்."

"உங்களுதுன்னா ஒரு தடவை போட்டுக் காட்டுங்க பாப்போம்."

"எங்க ஊட்ல வந்தா போட்டுக் காட்டறேன். இங்க எப்படிப் போடறது? கரண்ட்டு இல்லியே!"

ஆபீசர் பூவேலைத் துணியைத் தூக்கினார். சுருட்டி வைத்த ஒயரைக் கையில் எடுத்து, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே போனார். ஸ்விட்ச் எங்கேயும் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். ஓலைதான் தெரிந்தது. ஒரு பல்லியும் தெரிந்தது. அந்த ஒயரோடு அவர் எங்கள் கூடத்துக்கு நடுவில் நின்ற கோலம் இருக்கிறதே!

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். "மானத்துக்குத்தான் சாமி வாங்கி வெச்சேன். பெரிய மனுசன் வராரேன்னு. எங்களுதுன்னு இங்க ஒண்ணும் இல்ல. அடுப்பும் அம்மியும்தான்."

ஆபீசர் ஒயரைக் கீழே வைத்தார். வசந்தாவைப் பார்த்தார். பிறகு உட்கார இடமில்லாமல் நின்றபடியே, பையின் மேல் தாளை வைத்து, எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு வேறு எழுதினார்.

அப்போதுதான் நைனா உள்ளே வந்தார். காரியம் முடிந்ததே, சும்மா இருக்கலாம் இல்லையா?

"எழுதுனத படிச்சிக் காட்டுங்க."

"யாருய்யா நீ?"

"தர்வான். படிச்சிக் காட்டுங்க. எழுதறது ஒண்ணு, சொல்றது ஒண்ணா இருக்கும்."

ஆபீசரின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. "என்னையே சந்தேகப்படறியா? சர்வீஸ்ல ஒருத்தன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. தெரியுமா?"

எனக்கு உயிரே போய்விட்டது. நைனாவோ எங்கள் பக்கம் திரும்பி நிம்மதியாகத் தலையை ஆட்டினார். "கோவம் வருது. நல்ல மனுசன்தான். எழுதியிருப்பாரு."

ஆபீசர் தாளைப் பைக்குள் திணித்தார். குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் நின்றார். "ஆளாளுக்கு வந்து அவங்கவங்க சாமானை எடுத்துக்கிட்டுப் போனாங்க. நீ எதுக்கு வந்தே? இங்க உன்னுது என்ன இருக்கு?"

நைனா ஜன்னல் வழியாகத் தெரிந்த தொழிற்சாலை மதிலைக் காட்டினார். "என்னுது இங்க இல்லீங்க. அங்க கீது. அந்த மதிலுக்குள்ள, கேட்டத் தாண்டி ரோடு வளையுது பாருங்க, அங்கதான் எங்கப்பன் நெல்லு நட்டான். சர்க்காரு கேட்டுச்சி, குடுத்தோம். குடுத்தவன் சும்மா இருந்தா வாங்குனவன் மறந்துடுவான் சார். அதான் ஒவ்வொரு புள்ளையா கூட்டிகினு வந்து ஞாபகப்படுத்தறேன்."

ஆபீசர் தலையை அசைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். அவர் தெரு திரும்பும்வரை நைனா அந்தத் தோல் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே நடந்தார். சான்றிதழ் தாலுகா ஆபீஸ் போய்ச் சேர வேண்டுமே!

ஸ்காலர்ஷிப் வந்தது. கடிதத்தை வாங்கிய நைனா அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "காயிதம்தான் வந்து கீது. பணம் வர்ற வரிக்கும் நம்பாதே," என்று திருப்பிக் கொடுத்தார். அம்மா மட்டும், பெரிதாக ஏதோ கேட்கப் போகிறார் என்று காத்துக்கொண்டே இருந்தாள். வசந்தா பி.யூ.சி. முடித்தாள், பட்டம் வாங்கினாள், வேலைக்கும் போனாள். அப்போதும் அம்மா சொல்வாள்: "இன்னிய வரிக்கும் ஒண்ணுமே கேக்கல பாரு. அதான் எனக்குச் சந்தேகமா கீது."

வசந்தா முதல் நாள் காலேஜ் போன காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அவளை ரயிலேற்ற நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். நைனா ஷிப்டுக்குப் போகிற வழியில் காக்கி உடுப்போடு அங்கே நின்றிருந்தார். ரயில் சரியான ரயில்தானா என்று ஸ்டேஷன் மாஸ்டரை விசாரித்துவிட்டு வந்தார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையில் போக்ஸ் கம்பி பளபளத்தது.

வசந்தா சிரிக்கவில்லை. அவள்தான் விவரமானவளாயிற்றே! கேட்டில் தொழிலாளிகள் செய்கிற மாதிரியே, கேட்பதற்கு முன்னால் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து, மூடியில் கை வைத்து, அவர் முன்னால் நீட்டினாள்.

நைனா டப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மூடியின் மேல் தன் கையை வைத்து அழுத்தி, அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

"தொறக்காதே பாப்பா. ஆறிப் பூடும். வண்டி வந்துடுச்சி பாரு, போ."

எனக்குத் தெரிந்து, அவர் திறந்து பார்க்காமல் விட்ட டப்பா அது ஒன்றுதான்.